எஸ் இல்லாத புத்தகம்

"பாஸ், இந்த மொட்டைக் கடுதாசியில என்னைப் பத்தி ஒரு வரி கூட இல்லையே!" என்றான் மிலோ பெரோ, உண்மையான வருத்தத்தோடு.

"ரோட்டைப் பார்த்து ஓட்டு" என்றார் புரூடன்ஸ் லாத்ரப்.

மார்ச் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை. காலை ஏழேகால். வெர்மான்ட்டின் மலைப்பாதையில் பனி பாதி உருகிச் சேறாகியிருந்தது. மிலோவின் பிக்கப் டிரக் நடனமாடிக்கொண்டே ஏறியது. பத்து மணிக்கு ஹேசன் ஃபால்ஸ் என்ற அந்தச் சிற்றூரின் வருடாந்திர ஊர்க்கூட்டம். அதில் ஏழாவது தீர்மானம், நூலகர் டோர்கஸ் பெல்லை வேலையை விட்டு நீக்குவது. காரணம், லாத்ரப்பின் மடியில் கிடந்த ஒரு பக்கக் கடிதம்.

மூன்று வாரத்துக்கு முன் ஊரில் எல்லாத் தபால் பெட்டிகளிலும் அதன் நகல் கிடந்தது. கையெழுத்து இல்லை. டைப் அடித்தது. ஊரில் பாதி வீடுகளில் டைப்ரைட்டர் இருந்ததால் அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. ஊர்ப் பெரிய மனிதர்கள் அத்தனை பேரையும் அது வறுத்தெடுத்திருந்தது.

லாத்ரப் அம்மாளுக்கு வயது அறுபத்தொன்று. அகராதிக் கம்பெனி ஒன்றில் முப்பது வருடம் ஒரே வேலைதான் பார்த்தார். ஏறக்குறைய ஒரே பொருள் தரும் ஆங்கிலச் சொற்களுக்கு நடுவே என்ன வித்தியாசம் என்று பத்தி பத்தியாக எழுதும் வேலை. 'ஹேப்பி'க்கும் 'கிளாட்'டுக்கும் என்ன வேறுபாடு என்பதில் சக ஆசிரியர் ஒருவரோடு இரண்டு வருடம் பேசாமல் இருந்தவர். ஓய்வு பெற்றதும் துப்பறியும் லைசென்ஸ் வாங்கினார். மிலோ அதற்கு முன் ரோட்டில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவன். இப்போது அவருக்கு உதவியாளன், டிரைவர், வேண்டாத கருத்துகளை உடனுக்குடன் வழங்குபவன்.

"மறுபடி படிங்க பாஸ். அந்த ரோடு மேஸ்திரி பத்தின வரி. அவர்கிட்ட நான் ரெண்டு வருஷம் வேலை பார்த்திருக்கேன். காதுக்கு இனிமையா இருக்கு."

"'நமது ரோடு மேஸ்திரி இண்டோலென்ட். பனி அள்ளுவதில் ஸ்லோ.'"

"இண்டோலென்ட்னா?"

"லேசி. சோம்பேறி."

"அப்ப லேசின்னே எழுதியிருக்கலாமே?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்" என்றார் லாத்ரப். "ஊராட்சித் தலைவர் ஹேசனைப் பாரு. ஃபேட்னு எழுத வேண்டிய இடத்துல 'கார்ப்புலென்ட்'. ஆனா அதுக்கு அடுத்த சொல்லே 'ஸ்டுபிட்'. கோட்டு சூட்டு போட்டுட்டு ரப்பர் செருப்பு மாட்டின மாதிரி இருக்கு."

"இவ்வளவு பெரிய வார்த்தை தெரிஞ்சவங்க ஊர்ல நூலகர் ஒருத்தங்கதான்னு சொல்றாங்க. அதோட, கடிதத்துல எல்லாரும் திட்டு வாங்கியிருக்காங்க, அந்த அம்மா பேரு மட்டும் இல்ல. எனக்கே சந்தேகமாத்தான் இருக்கு."

"உன் பேரும்தான் இல்ல."

"நான் இந்த ஊர்க்காரனே இல்லையே பாஸ்!"

"பின்ன எதுக்கு வருத்தப்பட்டே?"

மிலோ ஒரு நிமிடம் ரோட்டைப் பார்த்து ஓட்டினான்.

நேற்று மாலை அவர்களைப் போனில் அழைத்தவர் ஊர் எழுத்தர் ஹாலிஸ் டார்பாக்ஸ். ஊரின் பிறப்பு, இறப்பு, திருமணம், நாய் லைசென்ஸ் எல்லாவற்றையும் இருபத்தேழு வருடமாகப் பேரேட்டில் எழுதிவருபவர். "டோர்கஸ் எழுதலைங்கறது எனக்கு நிச்சயம். நிரூபிக்கத்தான் தெரியல" என்று மட்டும் சொல்லி போனை வைத்துவிட்டார்.

*

நூலகம் ஒரே ஒரு அறை. விறகு அடுப்புக்குப் பக்கத்தில் டோர்கஸ் பெல் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். இன்று வேலை போகப்போகிறது என்ற சுவடே அவர் கைகளில் இல்லை.

"நீங்க எழுதலைன்னு எனக்குத் தெரியும்" என்று ஆரம்பித்தார் லாத்ரப். "பாதிரியாரை 'ஆன்ட்டீக்'னு எழுதியிருக்கு. ஆன்ட்டீக்னா பழைய நாற்காலி, பழைய கடிகாரம். வருஷம் ஆக ஆக மதிப்பு கூடற பொருள். மனுஷங்களுக்கு 'ஓல்டு'. உங்களுக்கு அது தெரியாம இருக்காது."

"பாதிரியார்கிட்ட இதைச் சொல்லாதீங்க. ஆன்ட்டீக்னு சொன்னதுல அவருக்கு உள்ளூர சந்தோஷம்" என்றார் டோர்கஸ்.

"தெரியாத மாதிரி நடிச்சிருந்தா?" என்றான் மிலோ. டோர்கஸ் அவனைப் பார்த்த பார்வையில் பக்கத்திலிருந்த அலமாரியின் பின்னால் நகர்ந்தான்.

"இது ஒத்த சொல் அகராதியைப் புரட்டி எழுதினது" என்றார் லாத்ரப். "சாதாரண சொல்லை எழுதிட்டு, அகராதியில அதுக்கு நேரா இருக்கறதுல நீளமானதைப் பொறுக்கிப் போட்டிருக்காங்க. சொந்த நடை தெரியக்கூடாதுன்னு. உங்ககிட்ட அந்த மாதிரி அகராதி இருக்கா?"

"இருக்கு. இப்ப அலமாரில இல்ல."

"யார் எடுத்துட்டுப் போனாங்க?"

டோர்கஸ் ஒரு அட்டையை எடுத்துச் சரியான இடத்தில் செருகினார். "அதைச் சொல்ல மாட்டேன்."

"அம்மா, பத்து மணிக்கு உங்க வேலை போகப்போகுது!" என்றான் மிலோ.

"தெரியும் தம்பி. இங்க யார் என்ன புத்தகம் எடுத்தாங்கன்னு இருபத்திரெண்டு வருஷமா யாருக்கும் சொன்னதில்ல. விவாகரத்துச் சட்டம் எடுத்தவங்க இருக்காங்க. புற்றுநோய் பத்தி எடுத்தவங்க இருக்காங்க. ஒரு தடவை என் வசதிக்குச் சொல்லிட்டேன்னா நாளைக்கு யார் இந்தக் கதவைத் தொறந்துட்டு வருவாங்க?"

லாத்ரப் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கடிதத்தை விரித்துப் பென்சிலால் கோடு போட ஆரம்பித்தார். மாற்றப்பட்ட சொற்களுக்கு வட்டம். மாறாத சொற்களுக்கு அடிக்கோடு. அடுப்பில் ஒரு விறகுக்கட்டை சரிந்து விழுந்தது.

"மிலோ, அடிக்கோடு போட்டதை மட்டும் படி."

"ஸ்டுபிட். ஸ்லோ. ஸ்மெல், அது சர்ச் ஹாலைப் பத்தி. ஸ்லிம்." அவன் நிமிர்ந்தான். "பாஸ், என்ன இது, எல்லாமே புஸ்ஸுன்னு காத்துப் போற மாதிரி இருக்கு?"

"எஸ். எல்லாம் எஸ் எழுத்துல ஆரம்பிக்கறது. எஸ் சொல்லை மட்டும் மாத்தவே இல்ல." லாத்ரப் நூலகரிடம் திரும்பினார். "உங்க அகராதியில எஸ் பக்கங்கள் இருக்கா?"

டோர்கஸ் யோசித்தார். "இது புத்தகத்தைப் பத்தின கேள்வி. வாசகரைப் பத்தி இல்ல. பதில் சொல்லலாம். இல்ல. எஸ் முழுசும் இல்ல. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாய் தின்னுடுச்சு."

"எந்த நாய்?" என்று பாய்ந்தான் மிலோ.

"நாய் பேரைச் சொன்னா வீட்டுக்காரர் பேரைச் சொன்ன மாதிரி. சொல்ல மாட்டேன்."

*

"அந்தப் புத்தகம் எங்க இருக்குன்னு வீடு வீடாவா தேடறது?" என்றான் மிலோ, வெளியே வந்ததும். "எனக்குப் பசிக்குது. பசியோட நான் துப்பறிஞ்சா தப்பான ஆளைப் பிடிச்சுடுவேன்."

"வயித்தை நிரப்பிட்டும் அதைத்தான் பண்றே. சரி வா."

பெர்னடெட் கோட்டாவின் உணவகத்தில் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்திருந்தது. விவசாயிகள் கவுன்ட்டரை அடைத்து உட்கார்ந்திருந்தார்கள். பெர்னி என்று ஊர் அழைக்கும் அந்த அம்மாள் ஐம்பத்திரண்டு வயது விதவை. ஒரு கையில் காபி கெட்டில், இன்னொரு கையில் நாலு தட்டு.

"டேய் மிலோ! உன்னை இன்னும் ஜெயில்ல போடலையா?"

"இடம் இல்லைன்னுட்டாங்க பெர்னி அக்கா. உங்க காபியைக் குடிச்சுட்டு வழக்கு போட்டவங்க வரிசையா நிக்கறாங்களாம்."

"காபி 'ஃப்ரிஜிட்', சில்லுன்னு இருக்குன்னு கடுதாசியிலயே வந்தாச்சு. நீ புதுசா ஏதாவது சொல்லு."

லாத்ரப் உட்காரவில்லை. சுவரில் இருந்த கரும்பலகையைப் பார்த்தபடி நின்றார். அன்றைய உணவுகள் சுண்ணக்கட்டியில் எழுதியிருந்தன.

கார்ப்புலென்ட் பான்கேக். ஆன்ட்டீக் செடார் சீஸ். ஃப்ரிஜிட் சைடர். ஸ்வீட் ரோல். ஸ்பைசி சாசேஜ்.

மிலோ காபிக் கோப்பையை டக்கென்று கீழே வைத்தான். "பாஸ்... ஸ்வீட், ஸ்பைசி... ரெண்டும் அப்படியே இருக்கு!"

"மெதுவா" என்றார் லாத்ரப். பிறகு கவுன்ட்டரைப் பார்த்து, "மெனு அழகா இருக்கு. எங்கேயிருந்து பிடிச்சீங்க இந்தச் சொல்லெல்லாம்?"

பெர்னி சற்றும் தயங்காமல் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து டொம்மென்று போட்டாள். முதுகில் நூலகத்து முத்திரை. உள்ளே ஆர் எழுத்து முடிந்ததும் பல்லுக் கடிபட்ட தாள் விளிம்புகள். அடுத்தது நேராக டி.

"டிசம்பர்ல எடுத்தேன். மெனு கொஞ்சம் கௌரவமா இருக்கட்டுமேன்னு. பனிச்சறுக்கு ஆட வர்ற பாஸ்டன்காரங்க கார்ப்புலென்ட் பான்கேக்னா போட்டோ எடுத்துட்டு சாப்பிடறாங்க."

"இந்தப் புத்தகத்தை வேற யாரெல்லாம் தொட்டாங்க?"

"யார் தொடலைன்னு கேளுங்க. குறுக்கெழுத்துப் போடறவங்க எல்லாரும் இதைத்தான் பிராண்டறாங்க. ரோடு மேஸ்திரி, பாதிரியார், தபால்காரர், ஹாலிஸ்... ஹேசன் கூட ஒரு தடவை கேட்டார், உள்ளதைச் சொல்லணும்." அவள் இடுப்பில் கை வைத்தாள். "எனக்குப் புரியுது மேடம், எங்க போறீங்கன்னு. அந்தக் கடுதாசியை நான் எழுதியிருந்தா இதை இப்படிக் கவுன்ட்டர் மேல வெச்சிருப்பேனா? என் காபியையே நான் திட்டிக்குவேனா?"

"நியாயமான கேள்வி" என்றார் லாத்ரப்.

"டோர்கஸுக்கு இப்படி ஆகணுமா..." என்றாள் பெர்னி. கெட்டிலைத் துடைத்தாள். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது. "சரி, நான் கடையைச் சாத்திட்டு ஊர்க்கூட்டத்துக்குச் சமைக்கப் போகணும். நூத்தி இருபது பேருக்கு பீன்ஸ்."

டிரக்கைக் கிளப்பியதும் மிலோ பான்கேக்கை வாயில் வைத்துக்கொண்டே பேசினான். "அவ்வளவுதான் பாஸ். ஊரே அந்தப் புத்தகத்தைத் தொட்டிருக்கு. பத்து மணி ஆக ஒன்றரை மணி நேரம் இருக்கு. நாம ஊர் முழுக்கக் கைது பண்ணிட்டு வீட்டுக்குப் போகலாம்."

லாத்ரப் மறுபடியும் கடிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பென்சில் ஒரு இடத்தில் நின்றது.

"மிலோ, நம்ம ஆள் பெரிய சொல்லையெல்லாம் புத்தகத்துல இருந்து எடுத்தாச்சு. அதுல அவங்க மனசு கிடையாது. எஸ் சொல்லுக்குப் புத்தகம் கைகொடுக்கல. அங்க மட்டும்தான் அவங்களே தேர்ந்தெடுத்திருக்காங்க. ஸ்டுபிட், ஸ்லோ, ஸ்மெல். எல்லாம் குத்தற சொல். இதைப் பாரு. 'நாய் லைசென்ஸ் எழுதுவதற்கு அந்த ஸ்லிம் எழுத்தருக்கு அரை நாள் ஆகிறது.'"

"ஹாலிஸ். ஆமா, ஒல்லிதான். அதனால?"

"ஊர்ல அவரை எப்படிக் கூப்பிடறாங்க?"

"ஸ்கின்னி. சின்னப் பசங்க கூட. போன வருஷம் கொடிமரம் சாஞ்சப்ப, அவரை நட்டு வெச்சு கொடி ஏத்தலாம்னு யாரோ சொன்னாங்க. சரி, நான்தான் சொன்னேன்."

"ஸ்கின்னிக்கும் ஸ்லிம்முக்கும் என்ன வித்தியாசம்?"

மிலோ மென்று விழுங்கினான். "ரெண்டும் ஒல்லிதான்."

"ஸ்கின்னின்னா சாப்பாடு போடணும்னு தோணும். ஸ்லிம்னா இன்னொரு தடவை பார்க்கணும்னு தோணும். எல்லாரையும் குத்தற கை, இவர்கிட்ட வந்ததும் மட்டும் தடவிக்கொடுத்திருக்கு."

மிலோ பிரேக்கை மிதித்தான். டிரக் அரைவட்டம் அடித்து நின்றது. "தன்னைத் தானே யாரு ஸ்கின்னின்னு எழுதிக்குவாங்க! ஹாலிஸே எழுதியிருக்கார்! பாஸ், நம்மளைக் கூப்பிட்டவரே குற்றவாளி!"

"வண்டியைத் திருப்பு."

"அதுவே திரும்பிடுச்சு பாஸ்."

*

ஊராட்சிக் கட்டடத்தின் வாசலில் தீர்மானப் பட்டியல் ஒட்டியிருந்தது. ஏழு, நூலகரை நீக்குதல். எட்டு, ஊர் எழுத்தர் பதவியை ஒழித்து, கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்துதல். இரண்டையும் முன்மொழிபவர் எல்வுட் ஹேசன்.

"பாருங்க, காரணமும் இருக்கு!" என்று கிசுகிசுத்தான் மிலோ.

ஹாலிஸ் டார்பாக்ஸ் வாக்குச் சீட்டுகளை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தார். ஆறடி உயரம். கழுத்துக்கும் காலருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. லாத்ரப் ஒன்றும் சொல்லாமல் கடிதத்தில் அந்த வரியைக் காட்டினார்.

"படிச்சிருக்கேன். நாய் லைசென்ஸுக்கு அரை நாள் ஆகறதில்ல. இருபது நிமிஷம்தான்."

"அதுக்கு முன்னாடி இருக்கற சொல்."

ஹாலிஸ் கண்ணாடியைச் சரிசெய்து குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. அவருடைய காது நுனியில் ஆரம்பித்த சிவப்பு கழுத்து வழியாக இறங்கியது.

"இது... நான் ஸ்கின்னின்னு படிச்சுட்டேன் போல. எப்பவும் அப்படித்தான் இருக்கும்ங்கறதால." குரல் இறங்கியது. "தட்டச்சுப் பிழையா இருக்குமோ?"

"ரெண்டு சொல்லுக்கும் எழுத்து அவ்வளவு பக்கத்துல இல்ல."

"யாரு என்னை..." என்று ஆரம்பித்தவர் முடிக்காமல் சீட்டுக் கட்டை மறுபடியும் முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார். தலைகீழாக.

வெளியே வந்ததும் மிலோ பெருமூச்சு விட்டான். "இவர் இல்ல பாஸ். இந்த அளவுக்கு நடிக்கத் தெரிஞ்சவர் ஆளுநர் தேர்தல்ல நின்னிருப்பார்."

"இவர் எழுதல. இவரை நேசிக்கற யாரோ எழுதினது. சந்தேகம் வரக்கூடாதுன்னு இவரையும் திட்ட வேண்டியிருந்தது. ஆனா மனசு வரல." லாத்ரப் கையுறையை மாட்டினார். "தன் காபியைத் திட்டிக்கத் தயங்காத ஒருத்தருக்கு, இவரை மட்டும் திட்ட முடியல."

"பெர்னி அக்காவா!" என்றான் மிலோ. 

*

ஊராட்சிக் கட்டடத்தின் அடித்தளச் சமையலறை. மணி ஒன்பது ஐம்பது. இரண்டு பெரிய அண்டாக்களில் பீன்ஸ் மேப்பிள் பாகோடு கொதித்துக்கொண்டிருந்தது. பெர்னி கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை.

லாத்ரப் சொல்லிக்கொடுத்தபடியே மிலோ உள்ளே நுழைந்தான். "பெர்னி அக்கா, மேல பெஞ்சு தூக்கிப்போட ஆள் பத்தல. அந்த ஸ்கின்னி ஆள் சும்மாதான் நிக்கறார், கூப்பிட்டுக்கவா?"

"ஸ்கின்னி இல்லடா, ஸ்லிம்" என்றாள் பெர்னி, திரும்பாமலே.

கரண்டி நின்றது.

கதவருகே லாத்ரப் நின்றுகொண்டிருந்தார். அண்டா மட்டும் பொக் பொக்கென்று பேசிக்கொண்டிருந்தது.

"ச்சே" என்றாள் பெர்னி. அடுப்பைத் தணித்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். "புத்தகத்தைத் தைரியமா எடுத்துப் போட்டேன் பாருங்க. அப்பவே தப்பிச்சுட்டேன்னு நெனச்சேன்."

"பாதி தப்பிச்சீங்க" என்றார் லாத்ரப். "என்ன நடந்தது?"

"ஜனவரியில ஒரு நாள் ஹேசன் என் கவுன்ட்டர்லயே உட்கார்ந்து, என் பான்கேக்கையே தின்னுகிட்டு, ஹாலிஸை எப்படி வெளிய அனுப்பறதுன்னு பேசறார். இருபத்தேழு வருஷம்! என் கல்யாணத்தை எழுதினது அவர்தான். என் புருஷன் இறந்தப்ப அதையும் அவர்தான் எழுதினார். எழுதிட்டு, பேனாவை வெச்சுட்டு, 'மிஸஸ் கோட்டா, உங்க வீட்டு வாசல்ல பனி அள்ள ஆள் இருக்கா'ன்னு கேட்டார். பன்னெண்டு வருஷமா அள்ளிட்டிருக்கார். நான் எழுந்திருக்கறதுக்கு முன்னாடி வந்து அள்ளிட்டுப் போயிடுவார். ஒரு நாள் கூட உள்ள வந்து காபி குடிச்சதில்ல."

"அந்தக் காபிக்காகவா இருக்கும்" என்றான் மிலோ. யாரும் சிரிக்கவில்லை. அவனே தலையைக் குனிந்துகொண்டான்.

"ஹேசனை மட்டும் திட்டினா நான்தான்னு தெரிஞ்சுடும். அதனால எல்லாரையும் திட்டினேன். உண்மையச் சொன்னா, ரெண்டாவது ஆளுக்கு மேல ஜாலியாவே இருந்துச்சு. டோர்கஸை விட்டேன், ஏன்னா திட்டறதுக்கு ஒண்ணும் கிடைக்கல. அதுவே அவளுக்குக் கத்தியா வந்து நிக்கும்னு நெனைக்கல." பெர்னி முகத்தைத் தேய்த்தாள். "அவளுக்குத் தெரியும், மேடம். அந்தப் புத்தகத்தை என் பேர்ல எழுதிக் கொடுத்ததே அவதான். ரெண்டு தடவை கடைக்கு வந்தா. ரொட்டி வாங்கிட்டுப் போனா. ஒரு வார்த்தை கேக்கல."

"ஏன் நீங்களா சொல்லல?"

"சொன்னா அந்த ஒரு சொல்லையும் யாராவது கண்டுபிடிப்பாங்களே. ஊரே சிரிக்கும். அவர் பனி அள்ள வர்றதை நிறுத்திடுவார்."

மேலே மரச் சுத்தியல் மூன்று தடவை தட்டும் சத்தம் கேட்டது. நாற்காலிகள் இழுபட்டன.

"நான் யார் பேரையும் மேல போய்ச் சொல்லப்போறதில்ல" என்றார் லாத்ரப். "டோர்கஸ் காப்பாத்தின ரகசியத்தை நான் உடைச்சா அது அவங்களுக்குச் செய்யற உதவி ஆகாது. ஏழாவது தீர்மானம் வரும்போது நீங்க இங்கயும் இருக்கலாம், மேலயும் இருக்கலாம்."

"பீன்ஸ் அடிப்பிடிச்சுடும்."

"மிலோ கிளறுவான்."

"நானா? எனக்கு மேல நடக்கறதைப் பார்க்கணும் பாஸ்!"

*

பார்த்தான். அண்டாவை இறக்கி வைத்துவிட்டு வந்து கடைசி வரிசையில் கரண்டியோடு நின்றான்.

ஏழாவது தீர்மானத்தைப் படித்தார் எல்வுட் ஹேசன். பொத்தான்கள் இறுகிய கோட்டுக்குள் அவர் மூச்சு வாங்கியது. "இவ்வளவு வார்த்தை ஞானம் இந்த ஊர்ல யாருக்கு இருக்குன்னு நான் சொல்ல வேண்டியதில்ல" என்றார். டோர்கஸ் முதல் வரிசையில் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"யாராவது பேசணுமா?" என்று கேட்டார் சுத்தியலோடு கூட்டத்தை நடத்திய பால்பண்ணைக்கார அம்மாள்.

ஏப்ரனோடு பெர்னி கோட்டா எழுந்து நின்றாள்.

"அந்தக் கடுதாசியை எழுதினது நான். டோர்கஸுக்கு இதுல சம்பந்தமே இல்ல. பாதிரியார், மன்னிச்சுக்கோங்க, உங்க பிரசங்கம் நீளந்தான், ஆனா நீங்க நல்லவர். மேஸ்திரி, உங்ககிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன். எல்வுட், உன்கிட்ட பாதிக்கு மட்டும் மன்னிப்பு."

"எந்தப் பாதிக்கு?" என்று கத்தினார் ஹேசன்.

"உடம்பைப் பத்தினதுக்கு."

மன்றம் வெடித்துச் சிரித்தது. சுத்தியல் எட்டு தடவை தட்ட வேண்டியிருந்தது. ஹேசன் கடிதத்தை ஆட்டினார். "எல்லாரையும் கிழிச்சிருக்கே. இந்த ஸ்கின்னியை மட்டும் ஸ்லிம்னு போட்டிருக்கே. அது என்னம்மா கணக்கு? இவர் பதவிக்காகத்தானே இந்த நாடகம்?"

சிரிப்பு நின்றது. இருநூறு கண்கள் பெர்னியின் மேல். அவள் ஏப்ரன் நாடாவை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள்.

"எனக்கு அவரைப் பிடிக்கும்" என்றாள். "அவ்வளவுதான் கணக்கு."

மேடையில் பதிவேட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஹாலிஸின் பேனா நின்றுவிட்டது. ஊர்க்கூட்டத்தில் பேசியதெல்லாம் எழுத வேண்டியது அவர் கடமை. இருபத்தேழு வருடத்தில் ஒரு வரி விட்டதில்லை. அவர் மெதுவாக எழுந்தார்.

"மிஸஸ் கோட்டா. பதிவுக்காகக் கேக்கறேன்." தொண்டையைச் செருமினார். "பிடிக்கும்னு சொன்னீங்க. அதை 'லைக்'னு எழுதட்டுமா? இல்ல... இதைவிடப் பொருத்தமா வேற சொல் இருக்கா?"

 மிலோவின் கரண்டியிலிருந்து பாகு சொட்டு ஒன்று முன்னால் இருந்தவர் தொப்பியில் விழுந்தது. அவரும் திரும்பவில்லை.

"உங்களுக்கு எது சரின்னு படுதோ அதை எழுதுங்க, ஹாலிஸ்" என்றாள் பெர்னி.

அவர் உட்கார்ந்தார். யோசித்தார். இடது கையால் பக்கத்தை மறைத்துக்கொண்டு எழுதினார். மை உலர ஊதினார். பேரேட்டை மூடினார்.

"என்ன எழுதினீங்க? படிங்க!" என்று பத்துக் குரல்கள்.

"ஊர்ப் பதிவேட்டை யார் வேணும்னாலும் வந்து பார்க்கலாம்" என்றார் ஹாலிஸ், காது சிவக்க. "திங்கள் முதல் வெள்ளி வரைக்கும். காலையில ஒன்பதுல இருந்து நாலு வரைக்கும். எனக்கு அந்த வேலை இருக்கற வரைக்கும்."

ஏழாவது தீர்மானம் ஒரே குரலில் தோற்றது. எட்டாவதற்கு ஹேசனைத் தவிர யாரும் கை தூக்கவில்லை. பாதி தூக்கிய தன் கையை அவரும் தலை சொறிய உபயோகித்துக்கொண்டார்.

சாப்பாட்டு வரிசையில் பெர்னி தட்டோடு டோர்கஸ் முன்னால் போய் நின்றாள். "தெரிஞ்சும் ஏண்டி சொல்லல?"

"நீ என்ன புத்தகம் எடுத்தேங்கறது உனக்கும் எனக்கும் நடுவுல" என்றார் டோர்கஸ். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா மூணு வாரமா உன் ரொட்டியை வாங்கிட்டுப் போய்க் கோழிக்குத்தான் போட்டேன். அவ்வளவு கோவம்."

*

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஊராட்சி அலுவலக வாசலில் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். நாய் லைசென்ஸ் வாங்க வந்ததாகச் சொன்னார்கள். அதில் பாதிப் பேருக்கு நாய் கிடையாது. மிலோ ஐந்தாவது ஆளாக நின்றிருந்தான். பதினெட்டு மைல் ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். லாத்ரப் தனக்கு ஆர்வம் இல்லை என்று சொல்லிவிட்டு டிரக்கிலேயே உட்கார்ந்திருந்தார். ஜன்னல் கண்ணாடியை மட்டும் இறக்கி வைத்திருந்தார்.

அலுவலகத்துக்குள்ளே ஹாலிஸ் இல்லை. காபி குடித்துவிட்டு அரை மணி தாமதமாக வருவார் என்று ஒரு சீட்டு தொங்கியது. இருபத்தேழு வருடத்தில் முதல் தாமதம். பேரேடு மேசை மேல் அந்தப் பக்கத்தில் திறந்தே கிடந்தது.

மிலோ ஓடி வந்து டிரக்கில் ஏறினான்.

"என்ன?" என்றார் லாத்ரப். "லைக்கா, லவ்வா?"

"ரெண்டும் இல்ல பாஸ்."

"ரெண்டும் இல்லையா? வேற என்ன சொல் இருக்கு? அடோர்? செரிஷ்?" முப்பது வருட அகராதி அனுபவம் அவர் குரலில் படபடத்தது. "சொல்லித் தொலையேன்!"

"'தனக்கு ஊர் எழுத்தரைப் பற்றி என்ன எண்ணம் என்று மிஸஸ் பெர்னடெட் கோட்டா மன்றத்தில் சொன்னார்'னு எழுதியிருக்கார். அதுக்குக் கீழ ஒரே ஒரு வரி." மிலோ சாவியைத் திருகினான். "'எழுத்தருக்கும் அப்படியே.'"